கல்லும் பெயரும்

கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு இந்தச் சீமையில் கல் நட்டார்கள். பலவற்றில் பேரும் பொறித்தார்கள். மாட்டுக்காக ஓர் உயிரா என்கிறீர்களா? மாடுதானே ஐயா, அன்று செல்வம்!

அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சயாம் ரயில் பாதை நினைவு வரும். 1942-43-ல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சாரிசாரியாகக் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் பல்லாயிரம் பேரை விழுங்கின. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் சுமார் 7,000 கைதிகளுக்கு வரிசையாகக் கல் உண்டு. சேனைக்கு ரிஜிஸ்தர் இருந்தது. தோட்டக் கூலிக்கு யார் வைத்தார்கள்?

2023-ல்தான் அங்கே தமிழர்களுக்கும் ஒரு நடுகல் எழுந்தது. மலேயாவுக்குப் போய்த் திரும்பாத பாட்டனார் உங்கள் குடும்பத்தில் உண்டா? பெரியவர்களைக் கேட்டு அவர் பேரை எழுதிவையுங்கள்.