யாருடைய சரித்திரம்? பாதியில் மூடிவைத்த நாவல்கள் பற்றி

மாணவர் விடுதி ஒன்றில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு, இரண்டாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி பொன்னியின் செல்வன் முதல் இரண்டு பாகங்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள். 2022இல் படம் வந்தபோது வகுப்பே அதைப் பற்றிப் பேசியதால் ஆசையாக எடுத்துப் போனவள். "ரெண்டாவது பாகத்துல நிறுத்திட்டேன் அக்கா. எல்லாரும் ஒரே மூச்சுல படிச்சேங்கிறாங்க. எனக்கு நாவல் படிக்க வராது போல" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்குப் புதிதல்ல. எங்களில் பலர் அதே வயதில் அதையே சொல்லிக்கொண்டு நூலகத்தைவிட்டு வெளியேறியவர்கள்தான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடம் புரியாவிட்டாலும், ஆங்கிலம் வராவிட்டாலும், நாவல் பிடிக்காவிட்டாலும் குறை நம்மிடம்தான் என்று முடிவு செய்துவிடுவோம். முதல் இரண்டைப் பிறகு பேசுவோம். மூன்றாவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது தோழர்களே. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தமிழின் முதல் நாவல் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: பிரதாப முதலியார் சரித்திரம், 1879. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. அடுத்து ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம். 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. மூன்றாவதாகச் சொல்லப்படுவது அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம், 1898. மூன்றின் தலைப்பிலும் 'சரித்திரம்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். நாவல் என்ற வடிவம் தமிழுக்குப் புதிது. அதற்குப் பெயர் தேடியவர்களுக்கு இந்தச் சொல்தான் கிடைத்தது. மன்னர்களுக்கு மட்டும் இருந்த சரித்திரம் ஒரு குடும்பத்துக்கும், ஒரு பெண்ணுக்கும்கூட உண்டு என்று அவர்கள் சொன்னார்கள். அது உண்மையிலேயே பெரிய மாற்றம். வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் ஆண் வேடமிட்டு நாட்டையே ஆள்கிறாள். மாதவையா பெண்கல்வியைப் பேசினார்.

ஆனால் யார் வீட்டுச் சரித்திரம்? பிரதாப முதலியாருடையது செல்வக் குடும்பம். கமலாம்பாள் இருப்பது அக்கிரகாரம். எழுதியவர்கள் தங்களுக்குத் தெரிந்த வீட்டை எழுதினார்கள். அதற்காக அவர்களைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. தமிழ் நாவல் தன் வாசகர் யார் என்று அப்போதே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கக்கூடியவர்தான் அதன் வாசகர். திண்ணையில் ஏற அனுமதி இல்லாதவர்கள் ஒருநாள் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

நம்மவர்கள் அப்போது எழுதவில்லையா, வாசிக்கவில்லையா? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு பொருத்தம் இருக்கிறது. கமலாம்பாள் சரித்திரம் தொடராக வரத் தொடங்கிய அதே 1893இல்தான் சென்னையிலிருந்து இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் நெற்றியில் அச்சிட்டு, 1900 வரை நடத்தினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் அதிகாரம் முழுவதும் ஆதிக்கச் சாதிகளிடமே போகும் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை அவர் தரப்பு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ஓர் இதழை ஏழு ஆண்டுகள் நடத்த முடிந்தது என்றால் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள் என்றுதான் பொருள்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதில் அவர் தொடராக எழுதிய பெரும் படைப்பின் பெயர் 'இந்திரர் தேச சரித்திரம்'. இரட்டைமலை சீனிவாசன் பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது அதற்கு வைத்த பெயர் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. நாவல்கள் எடுத்துக்கொண்ட அதே சொல்தான். ஒரு பக்கம் பிரதாப முதலியாருக்கும் கமலாம்பாளுக்கும் பத்மாவதிக்கும் சரித்திரம் எழுதப்பட்டது. மறுபக்கம், தன் மக்களைச் சரித்திரத்திலிருந்து அழித்தது யார் என்ற கேள்வியோடு அயோத்திதாசர் இன்னொரு சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரிசையை இலக்கிய வரலாறு என்று நமக்குக் கற்பித்தார்கள். இரண்டாவதைப் பல பத்தாண்டுகள் யாரும் நம் கையில் கொடுக்கவில்லை.

இப்போது தங்கை திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு வருவோம். கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை எழுதினார். அரண்மனைகள், சிற்றரசர்கள், சதிகள், சுரங்கப்பாதைகள், பாய்ந்து செல்லும் குதிரைகள் என்று ஒரு பெரிய உலகத்தை அவர் கட்டினார். அவருடைய கதை சொல்லும் திறமையை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் வட்டத்திலேயே ஐந்து பாகங்களையும் இரண்டு முறை படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையின் அருண்மொழிவர்மன்தான் பிறகு ராஜராஜனாகித் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினார். அந்தக் கோயில் கல்வெட்டுகளில், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. அங்கே 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய சொற்கள். பெருமைமிகு சோழநாடு என்று நமக்குக் காட்டப்படும் சித்திரத்தில் இந்தச் சேரிகளுக்கு இடம் இல்லை.

இதைச் சொன்னதும் தங்கை சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "குதிரை போற வழியில எல்லாம் வயலு வருது. வயல்ல வேலை செய்யறவங்க எங்க போய்த் தூங்குவாங்கன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு அக்கா" என்றாள். நாவல் படிக்க வராதவள் கேட்கிற கேள்வியா இது?

புனைவில் இடமே தராத ஏமாற்றம் ஒரு வகை. இடம் தந்தபிறகு வருகிற ஏமாற்றம் இன்னொரு வகை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியின் கீழ் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். ஏழு ஆண்டுகள் கழித்து, 1975இல், இந்திரா பார்த்தசாரதி அதை 'குருதிப்புனல்' என்ற நாவலாக எழுதினார். 1977இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கல்லூரியில் படிக்கும்போது அந்தப் புத்தகம் கைக்கு வந்ததும், கடைசியில் நம் கதையை யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று ஓடிப்போய்ப் படித்தோம்.

கதையின் மையத்தில் இருந்தவர் பண்ணையார் கண்ணையா நாயுடு. அவருடைய கொடூரத்துக்கு நாவல் காட்டும் வேர் அவருடைய ஆண்மைக் குறைபாடு. கிராமத்தை நமக்காகப் பார்த்து விவாதிப்பவர்கள் டெல்லியிலிருந்து வந்த படித்த நண்பர்கள். எரிந்தவர்கள் என்ன நினைத்தார்கள், அந்த அரைப்படிக்காக வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தேடினோம். நாங்கள் தேடிய அளவுக்கு அது கிடைக்கவில்லை. அன்று எங்களுக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒரு வெறுமை.

அந்த வெறுமைக்குக் காரணம் பின்னால்தான் புரிந்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று அந்தத் தீர்ப்பு கருதியது. தீர்ப்பு மிராசுதார்களின் அந்தஸ்தைப் பார்த்தது. நாவல் மிராசுதாரின் உடலைப் பார்த்தது. நாவலாசிரியர் கொலைக்காரர்கள் பக்கம் நின்றவர் அல்ல. தீர்ப்பையும் நாவலையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனாலும் நெல்லும் கூலியும் சாதியும் சேர்ந்து இயங்கும் ஓர் ஏற்பாட்டை ஒரு தனிமனிதரின் குறைபாடாகச் சுருக்கும்போது, வெண்மணியைச் சுற்றியிருந்த மற்ற மிராசுதார்கள் அனைவரும் தப்பித்துவிடுகிறார்கள். சங்கம் வைத்து, ஒன்றுகூடி, திட்டம் போட்டவர்கள் அவர்கள்.

நம்முடைய எழுத்தாளர்கள் பலரும் முதலில் இப்படி ஏமாந்த வாசகர்களாக இருந்திருக்கக்கூடும் என்று நாங்கள் நினைக்கிறோம். டி. செல்வராஜ் 1960களிலேயே 'மலரும் சருகும்' நாவலில் நெல்லை மாவட்டத்து ஒடுக்கப்பட்ட விவசாயிகளின் வாழ்வையும் போராட்டத்தையும் எழுதிவிட்டார். 1979இல் பூமணியின் 'பிறகு' வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை அங்கே நடுக்கதையாகவே இருந்தது. 1989இல் சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1992இல் பாமாவின் 'கருக்கு', 1994இல் 'சங்கதி'. பாமாவின் பக்கங்களில் நம் வீட்டுப் பேச்சைப் பார்த்தபோது, இது அச்சில் வரலாமா என்று முதலில் நமக்கே கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்தை நமக்குள் வைத்ததும் முன்னால் படித்த நாவல்கள்தான்.

நம் எழுத்தும் நம்மை ஏமாற்றியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது தலித் விமர்சகர்களிடையே கடும் விவாதம் நடந்தது. சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண்ணின் கதை அது. தனக்குக் கீழே ஒருத்தியை வைத்திருக்கும் சேரியை அந்த நாவல் காட்டியது. இது நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று பலர் ஏமாந்தார்கள். இன்று எங்கள் வட்டத்தில் அதை வாசிக்கும்போது, அன்றைய ஏமாற்றத்தில் நம்முடைய சாதியும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். சிவகாமி இன்னும் ஒருபடி மேலே போனார். தன் முதல் நாவலைத் தானே மறுபடி கேள்வி கேட்டு, 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூலே எழுதினார். தன் புத்தகத்துக்கும் கேள்வி கேட்கும் வாசகராக இருக்க முடியும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டோம்.

ஆகவே எல்லா ஏமாற்றமும் சரியானது என்று சொல்ல வரவில்லை. சில நாவல்கள் உண்மையிலேயே சலிப்பானவை. சிலவற்றுக்கு நாம் பொறுமை தரவில்லை. சில நம்மை உறுத்துவதால் மூடிவைக்கிறோம். எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. அதற்காக எங்கள் வட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். புத்தகத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், அந்த இடத்தில் யாரைத் தேடினேன், அவர்களைப் பற்றி வேறு எங்கே படிக்கலாம். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடிப் போனவர்கள்தான் 'பறையன்' இதழையும் பெரிய கோயில் கல்வெட்டையும் எங்களுக்குச் சொன்னவர்கள். அதன்பிறகு சிலர் கமலாம்பாளையும் கல்கியையும் மறுபடி எடுத்து, ஓர் ஆவணம்போல முழுதாக வாசித்து முடித்ததும் உண்டு.

2002இல் ராஜ் கௌதமன் தன் நாவலை வெளியிட்டார். பாமாவின் அண்ணன், தமிழ்ச் சமூக வரலாற்றைத் தலித் நோக்கில் எழுதிய ஆய்வாளர், வாழ்நாள் முழுக்கத் தமிழ் இலக்கியத்தை விடாமல் வாசித்துச் சண்டை போட்டவர். நாவலுக்கு அவர் வைத்த பெயர் 'சிலுவைராஜ் சரித்திரம்'. பிரதாப முதலியாருக்குக் கிடைத்த அந்தச் சொல், 123 ஆண்டுகள் கழித்து ஒரு சேரிப் பையனின் பெயருக்குப் பின்னால் வந்து நின்றது.

போன வாரம் தங்கை அந்தப் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் நோட்டில் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.