உலைக்களக் குப்பை சொல்லும் சேதி

1590 ஆகஸ்ட் 18. இன்றைய வட கரோலினா கரையோரம், ரோனோக் தீவில் இறங்கினார் ஜான் ஒயிட். 1587இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயரை அங்கே குடியமர்த்திவிட்டு, உதவி கேட்டு இங்கிலாந்து போன ஆளுநர். ஸ்பானிய ஆர்மடா போர் குறுக்கிட, திரும்பிவர மூன்று ஆண்டு ஆகிவிட்டது. அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி வர்ஜீனியா டேருக்கு அன்று மூன்றாவது பிறந்தநாள்.

ஊரில் ஒரு குஞ்சு குருவி இல்லை. வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. கம்பம் ஒன்றில் ‘குரோட்டோவன்’ என்று செதுக்கியிருந்தது. ஆபத்தில் இடம் மாறினால் கூடவே சிலுவைக் குறி போடவேண்டும் என்பது ஏற்பாடு. சிலுவை இல்லை.

குரோட்டோவன், தெற்கே நட்பான பூர்வகுடிகள் வாழ்ந்த தீவு, இன்றைய ஹேட்டரஸ். புயலில் நங்கூரங்களைப் பறிகொடுத்த கப்பல் அங்கே போகாமலே திரும்பியது. போகுமிடத்தை எழுதிவைத்துவிட்டுப் போனவர்களை ‘மாயமானவர்கள்’ என்று நாலு நூற்றாண்டாகச் சொல்லிவருவது எனக்கு ஒப்பவில்லை.

ஹேட்டரஸில் 1998இல் ஒரு முத்திரை மோதிரம் கிடைத்தபோது, தங்கம், பிரபு வீட்டுப் பொருள் என்று பரபரப்பு. பின்னால் சோதித்ததில் பித்தளை! மோதிரம் பண்டமாற்றிலும் கைமாறியிருக்கலாம். ஆனால், அதே தீவில் தொல்லியலாளர் மார்க் ஹார்ட்டன் குழு குப்பைமேட்டிலிருந்து எடுத்தவை வேறு ரகம்: பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது தெறித்து விழும் பொடிச் செதில்கள். இதை யாரும் விலைகொடுத்து வாங்கமாட்டார்கள். அங்கேயே ஒருவர் உலை மூட்டி இரும்படித்தால்தான் உண்டு; அந்தப் பூர்வகுடிகளிடம் அந்தத் தொழில் இல்லை. காலக்கணிப்பில் ஐயம் எழுப்பும் ஆய்வாளர்கள் உண்டு. என்றாலும், மோதிரத்தைவிட இந்தப் பொடியையே நான் நம்புவேன்.

எல்லோரும் அங்கேயே போனார்களா? ஒயிட் வரைந்த வரைபடம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒட்டுப்போட்ட காகிதத்துக்கு அடியில் கோட்டைக் குறி ஒன்று மறைந்திருப்பது 2012இல் தெரியவந்தது. அது காட்டும் ஆல்பமார்ல் நீர்ப்பரப்பின் மேற்குக் கோடியில் தோண்டினார்கள். கோட்டை கிடைக்கவில்லை, அக்கால ஆங்கிலேயர் சமையலுக்குப் புழங்கிய மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. ஓடுகள் கொஞ்சம்தான் என்பதால், தங்கியவர்களும் கொஞ்சப் பேராகவே இருக்கவேண்டும். கூட்டம் பிரிந்திருக்கிறது என்றே படுகிறது.

1607இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர் இவர்களைத் தேடி ஆள் அனுப்பினார்கள். அவர்கள் காதுக்கு எட்டிய படுகொலைச் செய்தி பற்றி அடுத்த வாரம்.