லெய் கோங் தெங்: பூச்சிக்கொல்லியிலிருந்து முடக்குவாத மருந்து வரை

தென்சீன மலைச்சரிவுகளில் படரும் லெய் கோங் தெங் என்னும் கொடியின் இலையும் தளிரும் உயிரைக் குடிக்கும் நஞ்சு. உழவர்கள் அதன் வேரைப் பொடித்துத் தோட்டங்களில் பூச்சிகொல்லத் தூவினார்கள். நாட்டு வைத்தியர்களோ நஞ்சு மிகுந்த வேர்ப்பட்டையைச் சீவி எறிந்து, உட்கட்டையை மட்டும் நெடுநேரம் கொதிக்கவைத்து மூட்டு வீக்கத்துக்குக் கஷாயமாகக் கொடுத்தார்கள். 1960களின் இறுதியில் ஃபூஜியன் மாகாண மருத்துவர்கள் முடக்குவாதத்துக்கு அதைக் கையாளத் தொடங்கினார்கள். பின்னர் வேர்ச்சாறு மாத்திரையானது.

1972இல் அமெரிக்காவில் எஸ். மாரிஸ் குப்சான் குழுவினர், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடும்போது இக்கொடியிலிருந்து டிரிப்டோலைடு என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த பத்தாண்டில் சீன மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: மாத்திரை உண்ட ஆண்களுக்கு விந்தணு குறைந்தது. பெண்கள் சிலருக்கு மாதவிடாய் நின்றது.

பயனை முறையாக அளந்த ஆய்வுகள் தாமதமாகவே வந்தன. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 முடக்குவாத நோயாளிகள் சேர்ந்தார்கள். 24 வாரங்களில், கொடியின் சாறு பெற்றவர்களில் 65 விழுக்காட்டினருக்கும் வழக்கமான முடக்குவாத மருந்தான சல்ஃபாசலசின் பெற்றவர்களில் சுமார் 33 விழுக்காட்டினருக்கும் குறைந்தது 20 விழுக்காடு முன்னேற்றம் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் இரு பிரிவிலும் பலர் பாதியில் விலகியதால், விடுபட்டவர்களின் நிலையை ஊகித்துப் போட்ட கணக்கு அது. அந்த ஒரு முடிவை மட்டும் நம்பி மருந்தெழுத முடியாது. சீனாவில் 207 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. நோய்க்குறிகள் பாதியாவது தணிந்தவர்கள், மற்றொரு வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்சேட் பெற்ற பிரிவில் 46, கொடிப் பிரிவில் 55, இரண்டும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 77 விழுக்காடு. எனினும் யாருக்கு எம்மருந்து என்பது அதில் மறைக்கப்படவில்லை. மூலிகை மருந்துகளில் இந்த அளவு சான்று பெற்றவை மிகச் சில.

இக்கொடி செயல்படும் விதம் 2011இல் தெளிவானது. டிரிப்டோலைடு, மரபணுச் செய்தியைப் படியெடுக்க உதவும் எக்ஸ்பிபி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. அழற்சியைத் தூண்டும் புரதங்களின் உற்பத்தி அதனால் குறைகிறது. ஆனால் எக்ஸ்பிபி எல்லா உயிரணுக்களுக்கும் தேவை. மூட்டைக் காக்கும் அதே வினை மற்ற உறுப்புகளையும் தாக்கக்கூடும். நன்மையிலிருந்து நஞ்சைப் பிரிப்பது இதனாலேயே இவ்வளவு கடினம்.

2012இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குழந்தைகள், கருவுற்றவர்கள், பாலூட்டுவோர், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் ஆண், பெண் ஆகியோருக்கு இம்மருந்தைத் தடைசெய்தது. மற்றவர்களும் பொதுவாக மூன்று மாதத்துக்குமேல் தொடர்ந்து உண்ணலாகாது என்றது. பயனை அளந்த அவ்விரு ஆய்வுகளும் கிட்டத்தட்ட ஆறு மாதம் நடந்தவை; முடக்குவாதமோ ஆயுள் முழுதும் நீடிப்பது.