சபை மூடியிருந்தது, கந்தோர் திறந்திருந்தது

நமது ஊரில் ஒருவர் "நகர சபைக்குப் போயிட்டு வாறன்" என்று சொன்னால் அவர் போவது கந்தோருக்குத்தான். ஆதன வரி கட்ட, வியாபார அனுமதிப்பத்திரம் எடுக்க, வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்க, கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் பவுசர் சொல்ல. சபை என்பது வேறு. அது மாதத்தில் ஒரு நாள் கூடுகிற மண்டபம். முப்பது நாற்பது வருடம் ஒழுங்காக வரி கட்டியவர்களில் பலர் அந்த மண்டபத்தின் கதவைத் தாண்டியதே இல்லை.

இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து விடுகிறோம். குடியுரிமைக் கல்வி படிப்பிக்கும்போது நாங்கள் நின்று நிதானமாக விளக்க வேண்டி வருவதும் இந்த இடத்தில்தான். தவிசாளர் யார் என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும். செயலாளரை நியமிப்பது யார், இடமாற்றுவது யார் என்று கேட்டால் சத்தமில்லை. பெரியவர்களிடம் கேட்டாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாட்டில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று வகையாக மொத்தம் 341 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. மாநகர சபைக்கு மேயரும் ஆணையாளரும். மற்ற இரண்டுக்கும் தவிசாளரும் செயலாளரும். மேயரும் தவிசாளரும் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் மத்தியிலிருந்து வருபவர்கள். ஆணையாளரும் செயலாளரும் அரச உத்தியோகத்தர்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு இன்னோர் ஊரில். முந்தியவர்கள் சபையின் ஆட்கள், பிந்தியவர்கள் கந்தோரின் ஆட்கள். சபை தீர்மானிக்கும், கந்தோர் செய்யும். சட்டம் நினைத்திருப்பது இதைத்தான்.

இந்தப் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தோடு கொழும்பிலும் கண்டியிலும், அதையடுத்துக் காலியிலும் சபைகள் வந்தபோது தலைமை நாற்காலியில் இருந்தவர் அரசாங்க அதிபர், வெள்ளைக்கார சிவில் சேவை உத்தியோகத்தர். சில உறுப்பினர்கள் வாக்கால் தெரிவானார்கள்தான். ஆனால் வாக்கு, சொத்தும் வருமானமும் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும். 1871 இல் கிராமங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அங்கே தலைமை, பெரும் தலைமைக்காரருக்கு. கிழக்கில் வன்னியனார் என்று நம்முடைய மூத்தவர்கள் சொல்வார்களே, அந்தப் பதவிக்காரர். 1876 இல் இடைத்தர நகரங்களுக்கு லோக்கல் போர்ட். 1892 இல் சிறு பட்டினங்களுக்கு சனிட்டரி போர்ட். இந்தக் கடைசிப் பெயர் வயதானவர்கள் சிலரின் வாயில் அண்மைக்காலம் வரை இருந்தது. சந்தைச் சதுக்கத்தைக் கூட்டுவதும் கிணறு பார்ப்பதும் மடுவத்தைக் கவனிப்பதும் சனிட்டரி போர்டின் வேலை.

அந்தக் காலத்தில் சபை வேறு, கந்தோர் வேறு என்ற பேச்சே எழவில்லை. தீர்மானிப்பவரும் அவரே, வரி அறவிடுபவரும் அவரே, வழக்குப் போடுபவரும் அவரே. ஊர்க்காரர் கையில் இருந்தது மனு ஒன்றுதான்.

1920 இன் உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டம் இதை உடைக்கத் தொடங்கியது. நகர மாவட்ட சபைகளில் தெரிவான உறுப்பினர்கள் பெரும்பான்மையானார்கள், தலைவரைத் தங்களுக்குள் தெரிந்தார்கள். 1931 இல் டொனமூர் அரசியலமைப்போடு சர்வசன வாக்குரிமையும், உள்ளூர் நிர்வாகத்துக்கென்று ஓர் அமைச்சும் வந்தன. 1936 தொடக்கம் அந்த அமைச்சில் இருந்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. இன்று நாம் பார்க்கும் கட்டமைப்பின் பெரும்பகுதி அவருடைய காலத்தில் போடப்பட்டது: 1939 இல் நகர சபைச் சட்டம், 1946 இல் பட்டின சபைச் சட்டம், 1947 இல் மாநகர சபைச் சட்டம். இதற்கிடையில் 1937 இல் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயரானார். 1865 இலிருந்து கணக்குப் பார்த்தால் 72 வருடம். தலைநகரத்துக்கே அந்த நாற்காலி கைக்கு வர அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. பிறகு அதே நாற்காலியில் எம்.எச். முஹம்மதும் ஏ.எச்.எம். பௌஸியும் ஜாபிர் ஏ. காதரும் இருந்தார்கள்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நமக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆரம்பத்தில் கிளாக்கர் முதல் காவலாளி வரை சபையே தன் ஆட்களை வேலைக்கு எடுத்தது. தலைவர் மாறினால் கந்தோரும் மாறும். மருமகனுக்கு ஒரு வேலை, மச்சானுக்கு ஒரு வேலை என்று எப்படிப் போயிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1940களின் நடுப்பகுதியில் நாடு முழுவதற்கும் பொதுவான உள்ளூராட்சி சேவை ஒன்று அமைக்கப்பட்டு உத்தியோகத்தர் நியமனம் சபையின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு அது மாகாணத்தின் கைக்குப் போனது. இப்படித்தான் கந்தோர் தனக்கென்று ஒரு முதுகெலும்பு உள்ள இடமாக மாறியது. நல்ல மாற்றம். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. சபை இல்லாவிட்டாலும் கந்தோர் ஓடும். அதைக் கண்டுகொண்டவர்கள் பிறகு அதைப் பயன்படுத்தினார்கள்.

1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு நாட்டிலிருந்த 83 பட்டின சபைகளும் 542 கிராம சபைகளும் 1981 இல் இல்லாமற் போயின. மொத்தம் 625 சபை மண்டபங்கள். கட்டடங்களை யாரும் இடிக்கவில்லை. பழைய பட்டின சபைக் கந்தோர் மாவட்ட அபிவிருத்திச் சபையின் உப அலுவலகம் ஆனது. அதே மேசை, அதே கிளாக்கர், அதே ரசீதுப் புத்தகம். சந்தை ஏலம் போனது, குப்பை அள்ளப்பட்டது. ஊரவன் வாக்களித்து அனுப்பிய உறுப்பினன் மட்டும் இல்லை. (அந்த அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்த அதே வாரத்தில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அது யாழ். மாநகர சபையின் நூலகம் என்பதை நம் பிள்ளைகள் பலர் அறிய மாட்டார்கள். உள்ளூராட்சியின் சேவைகளில் நூலகம் எவ்வளவு பெரியது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை.)

1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. 1988 இல் அவை இயங்கத் தொடங்கின, முதல் தேர்தல் 1991 இல். ஆனால் அந்தத் தேர்தல் யுத்தத்தினால் வடக்கு கிழக்கில் நடக்கவில்லை. கிழக்கில் 1994 மார்ச்சில்தான் மக்கள் வாக்களித்தார்கள். கணக்குப் போடுங்கள்: 1981 இலிருந்து 1994 வரை 13 வருடம். அந்தப் 13 வருடத்தில் நம்முடைய சிறு பட்டினங்களிலும் கிராமங்களிலும் எந்த வீதிக்கு முதலில் கிறவல் போடுவது, எந்தக் காணியைச் சந்தைக்கு எடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்ய ஊர் மட்டத்தில் நாம் தெரிவு செய்த சபை இருக்கவில்லை. மட்டக்களப்பு மாநகர சபைக்கு அதற்கடுத்த தேர்தல் 2008 மார்ச்சில், இன்னொரு 14 வருடம் கழித்து.

அது யுத்த காலம் என்று சமாதானம் சொல்லலாம். 2023 இல் யுத்தம் இல்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் ஒரு வருடம் நீடிக்கப்பட்டு 2023 மார்ச் 19 உடன் முடிந்தது. மார்ச் 9 இல் நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்று நடத்தப்படவில்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும் பொறுப்பெடுத்தார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். ஜூன் மாதம் புதிய சபைகள் கூடின. இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபம் பூட்டு.

அந்த நாட்களில் ஊரில் என்ன பேசிக்கொண்டோம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். "மெம்பர்மார் இல்லாததே நல்லம், சண்டை இல்லை, வேலை நடக்குது" என்று கடைத்தெருவில் சொல்லாதவர் குறைவு. செயலாளர்கள் பலர் நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரவு செலவுத் திட்டத்தை எழுதுபவரும் அதை அனுமதிப்பவரும் ஒருவராகவே இருந்தார். கேள்வி கேட்க மண்டபத்தில் எதிர்க்கட்சி வரிசை இல்லை. 1892 இன் சனிட்டரி போர்ட்டும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

இனி சபையின் உள்ளமைப்புக்கு வருவோம். ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இல்லாவிட்டால் முதற்கூட்டத்தை உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டி, வாக்கெடுப்பில் தவிசாளர் தெரிவாவார். அந்த நாளில் நடக்கும் பேரங்கள் நம்மூருக்குப் புதிதல்ல, விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு மாதாந்தக் கூட்டம். சபைக்குக் கீழே குழுக்கள்: நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என நான்கு. பிரதேச சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் கணக்காளர்களும் அதிபர்களும் நிறைந்த ஊர்களில் இந்த வாசலை யாரும் தட்டுவதில்லை என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

சபைக்குச் சட்டமியற்றும் அதிகாரமும் உண்டு. கட்டாக்காலி மாடு, சந்தை, இறைச்சிக்கடை, விளம்பரப் பலகை போன்றவற்றுக்கு உப சட்டம் ஆக்கலாம். அது மேலே அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வந்த பிறகே செல்லும். தவிசாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தால் அது சட்டமாகாது.

கந்தோருக்குள் போனால் பிரிவுகள் வேறு: பொது நிர்வாகம், கணக்கு, வருமானம், வேலைப்பகுதி, சுகாதாரம், நூலகம். ஒரு தெருவிளக்கு எப்படி எரிகிறது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் விளங்கும். நீங்கள் கொடுத்த கடிதம் முத்திரை குத்தப்பட்டு உரிய முகாமைத்துவ உதவியாளரின் கோப்புக்குப் போகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு எழுதுகிறார். அது குழுவுக்கும் பிறகு சபைக்கும் போகிறது. தீர்மானம் நிறைவேறினால் திரும்பக் கந்தோருக்கு வந்து, கணக்குப் பகுதி பணமிருக்கிறதா என்று பார்த்து, வேலைப்பகுதி ஆளை அனுப்புகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் கூட்ட அறிக்கை உறுதிப்படுத்தப்படுகிறது. இந்தப் பாதையில் எந்த மேசையில் உங்கள் கடிதம் நிற்கிறது என்று தெரியாமல் தவிசாளரின் வீட்டு வாசலில் நின்று பயனில்லை. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தரவேண்டும்.

பிரிவுகள் என்றதும் வட்டாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பழைய முறையில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். 1979 இல் மாநகர, நகர சபைகளுக்கு விகிதாசார முறை வந்ததும் அந்த உறவு அறுந்தது. 2018 இல்தான் வட்டாரம் திரும்பி வந்தது, அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல் என்று. அதனோடு பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சியில் பெண்கள் இரண்டு வீதமளவில்தான் இருந்தார்கள். நம்முடைய ஊர்களின் சபை மண்டபங்களிலும் பெண்கள் எழுந்து பேசத் தொடங்கியது இந்த ஒதுக்கீட்டினால்தான். அது நல்லதுதான் என்பது நமது கருத்து.

வட்டாரமும் கிராம சேவகர் பிரிவும் ஒன்றல்ல, பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. பிரதேச செயலாளர் மத்திய அரசின் உத்தியோகத்தர், அவருக்கும் நமது வாக்குக்கும் சம்பந்தமில்லை. எல்லைக் கோடுகளின் ஞாபகம் நீண்டது என்பதற்குக் கல்முனை சாட்சி. 1987 க்கு முன்னைய அமைப்பில் அங்கே கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளும் தனித்தனியே இருந்தன. கரைவாகு தெற்கு என்பது சாய்ந்தமருது. எல்லாம் ஒன்றாக்கப்பட்டதன் சூடு இன்றும் ஆறவில்லை. தனிச்சபை கேட்டு எழுந்த பிரச்சினையின் இரு பக்கத்திலும் நமக்கு உறவுகள் இருக்கிறார்கள், தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் ஒன்று: நீதிமன்ற வழக்கினால் 2025 மே மாதத்திலும் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. மற்ற ஊர்களில் மண்டபம் திறந்தபோது அங்கே கந்தோர் மட்டும்தான் திறந்திருந்தது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் வருடாந்தக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் இடித்தாலும் எழுந்து கேட்பவர்கள் நாம். நகர சபையின் கணக்கு அதைவிடப் பலமடங்கு. வருட முடிவுக்கு முன் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தின் வரைவு சில நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள், சிறிய எழுத்தில் இருக்கும். அந்த நாட்களில் பத்திரிகை வாசிக்க நூலகப் பக்கம் போகிறவர்கள் அப்படியே கந்தோரில் அந்தக் கட்டையும் கேட்டு வாங்கி, உங்கள் வட்டாரத்துக்கு எதிரே என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு முன் எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.