பள்ளிகளில் சுற்றுலா, விருந்தோம்பல் கல்வி

பள்ளிகளில் சுற்றுலா, விருந்தோம்பல் கல்வி என்பது பயணம், தங்கும் விடுதி, உணவகம் ஆகிய துறைகளின் அடிப்படைகளை இடைநிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கும் தொழிற்கல்வி ஆகும். ஏட்டுக் கல்வியுடன் செய்முறைப் பயிற்சியும் களப்பயணமும் இதில் இன்றியமையாதவை.

பாடங்கள்

இந்தியாவில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றுலா, உணவுத் தயாரிப்பு, வரவேற்பகப் பணிகள் ஆகியவற்றை 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் தனித்தனித் திறன் பாடங்களாக வழங்குகிறது. 9, 10 ஆம் வகுப்புகளில் எழுத்துத் தேர்வுக்கு 50, செய்முறைக்கு 50 மதிப்பெண்களும், 11, 12 ஆம் வகுப்புகளில் முறையே 60, 40 மதிப்பெண்களும் உண்டு. சமையலறைத் தூய்மை, அறை முன்பதிவு, விருந்தினரை வரவேற்றல், கணக்கு முடித்தல் முதலியன பயிற்றுவிக்கப்படுகின்றன.

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் 10 முதல் 12 வரையிலான வகுப்புகளில் சுற்றுலாவும் விருந்தோம்பலும் இரு தனி விருப்பப் பாடங்களாக உள்ளன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே தொழிற்கல்விப் பிரிவும் ஏற்படுத்தப்பட்டது. உணவக மேலாண்மை இப்பிரிவின் பாடங்களுள் ஒன்று. விடுதி மேலாண்மைப் பட்டப்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வை, 12 ஆம் வகுப்பில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயின்ற எப்பிரிவு மாணவரும் எழுதலாம். சென்னைத் தரமணியிலும், புதுக்கோட்டைக்கு அண்மையில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் துவாக்குடியிலும் இதற்கான கல்வி நிறுவனங்கள் உள்ளன.

புதுக்கோட்டை மாவட்டம்

இக்கல்விக்கு ஏற்ற களங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல உள்ளன. அவற்றுள் சில:

* சித்தன்னவாசல்: சமணர் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 9 ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியங்கள்
* குடுமியான்மலை: இசைக் கல்வெட்டு
* நார்த்தாமலை: விசயாலய சோழீசுவரம்
* திருமயம்: கோட்டை, குடைவரைக் கோயில்கள்
* திருக்கோகர்ணம்: 1910 இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம்

சித்தன்னவாசல் ஓவியங்களின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியவற்றைத் தொட்டாலே சிதையும். ஆகவே வழிகாட்டிக்கு வரலாற்றறிவுடன் பாதுகாப்பு முறைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

செட்டிநாட்டின் ஒரு பகுதி இம்மாவட்டத்தில் அடங்கும். திருமயத்துக்கு அருகிலுள்ள கடியாபட்டியில் பழைய நகரத்தார் மாளிகை ஒன்று தங்கும் விடுதியாக மாற்றப்பட்டுள்ளது. வரவேற்பு, சமையல், அறைப் பராமரிப்பு ஆகியவற்றை மாணவர்கள் நேரில் கற்க இத்தகைய விடுதிகள் பயன்படக்கூடியவை.

இடர்ப்பாடுகள்

தொழிற்பிரிவு குறைந்த மதிப்பெண் பெற்றோருக்கே உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பயிற்சிச் சமையலறையும் களப்பயணமும் இல்லாதவிடத்து இது மனப்பாடப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்நிலையில், சொந்த ஊரிலேயே கிடைக்கும் வேலைக்கும் வெளியூரிலிருந்து ஆள் தேட நேரும்.

இவற்றையும் பார்க்கவும்

* தொழிற்கல்வி
* சித்தன்னவாசல்
* செட்டிநாடு