லெக்சிங்டன் 1775: முதலில் சுட்டது யார்?

அமெரிக்க சுதந்திரப் போரில் முதலில் சுட்டது யார் என்ற கேள்விக்கு 250 ஆண்டுகள் கடந்தும் உறுதியான விடை இல்லை. ஆனால் அந்நாளைப் பற்றி வாசிக்கும் போதெல்லாம், அடுத்த சில நாட்களில் திரட்டப்பட்ட சாட்சியங்களே என்னை அதிகம் சிந்திக்க வைக்கின்றன.

1775 ஏப்ரல் 18 இரவு, பொஸ்டனிலிருந்து சுமார் 700 பிரித்தானியப் படையினர் புறப்பட்டனர். கொன்கோர்ட் என்ற ஊரில் குடியேற்றவாசிகள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்றி அழிக்குமாறு ஜெனரல் தோமஸ் கேஜ் உத்தரவிட்டிருந்தார். போல் ரிவியரும் வில்லியம் டோவ்ஸும் குதிரைகளில் விரைந்து வழியிலிருந்த ஊர்களை எச்சரித்தனர்.

மறுநாள் விடியலில், லெக்சிங்டன் திடலில் கப்டன் ஜோன் பார்க்கர் தலைமையில் 80 பேருக்கும் குறைவான ஊர்க்காவல் படையினர் நின்றிருந்தனர். கலைந்து செல்லுமாறு பிரித்தானிய அதிகாரிகள் கட்டளையிட்டனர். பலர் கலையத் தொடங்கிய வேளையில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்த சூட்டில் ஊரவர் 8 பேர் கொல்லப்பட்டனர்.

கொன்கோர்ட்டில் எழுந்த புகையைக் கண்டு ஊர் எரிகிறது என்று எண்ணிய சுமார் 400 பேர் வடக்குப் பாலத்தை நோக்கி முன்னேறினர். அங்கு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பொஸ்டனுக்குத் திரும்பும் வழியெங்கும், மதில்களுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து படையினர் தாக்கப்பட்டனர். அன்றைய நாள் முடிவில் பிரித்தானியத் தரப்பில் 73 பேரும் குடியேற்றவாசிகளில் 49 பேரும் இறந்திருந்தனர்.

இதன் பிறகு நடந்ததுதான் முக்கியமானது. மசாசூசெட்ஸ் மாகாணக் காங்கிரஸ், நேரில் கண்டவர்களிடம் சில நாட்களுக்குள்ளேயே சத்தியப்பிரமாண வாக்குமூலங்களைப் பெற்றது. பார்க்கரும் அவரது ஆட்களும், படையினரே முதலில் சுட்டதாகக் கூறினர். அந்த ஆவணங்களுடன் கப்டன் ஜோன் டேர்பி சரக்கு ஏற்றாத வேகக் கப்பலில் புறப்பட்டு, மே 28 அன்று லண்டனை அடைந்தார். கேஜ் அதற்கு முன்னரே அனுப்பிய அறிக்கையோ, சரக்குக் கப்பலில் சுமார் இரண்டு வாரங்கள் பிந்தியே வந்து சேர்ந்தது. அதுவரை லண்டன் வாசித்தது ஊரவர்களின் கதையைத்தான்.

அந்த வாக்குமூலங்களை முழு உண்மையென நான் கொள்ளவில்லை. பிரித்தானிய அதிகாரிகள் நேர்மாறாகவே சொன்னார்கள். காயமடைந்து பிடிபட்ட லெப்டினன்ட் கூல்ட், லெக்சிங்டனில் யார் முதலில் சுட்டார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது எனவும், கொன்கோர்ட் பாலத்தில் தமது தரப்பே முதலில் சுட்டது எனவும் வாக்குமூலம் அளித்தார். கைதியாக இருந்தவரின் சாட்சியம் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஆயினும், இறந்தவர்களைப் புதைத்த கையோடு அவ்வூர்களில் எல்லாம் எழுதி வைக்கப்பட்டது. எழுதாமல் விட்டிருந்தால், அந்த 8 பேரின் மரணத்துக்கு ஆளுநரின் அறிக்கை மட்டுமே ஆதாரமாக எஞ்சியிருக்கும்.