பீரங்கியும் ரப்பர் விரிப்பும்

1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் வைக்கிக்கியில் பதினைந்து பேர் கடலில் இறங்கினார்கள். 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு ஒரு முழு மாரத்தான். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி கிளப்பிவிட்ட யோசனை அது. பன்னிரண்டு பேர் முடித்தார்கள். பதினைந்து பேர் ஒன்றாக நீந்துவதில் என்ன நெரிசல் வந்துவிடும்?

1981ல் அயர்ன்மேன் போட்டி கோனாவுக்கு மாறியது. ஆட்கள் நூறாகி, ஆயிரமாகிப் பெருகினார்கள். தொடக்கம் மட்டும் பழையபடியே இருந்தது. கைலுவா படகுத்துறையருகே எல்லோரும் மிதந்தபடி காத்திருப்பார்கள், பீரங்கி வெடிக்கும், மொத்தக் கூட்டமும் பாயும். முழங்கை மூக்கில் இடிக்கும், நீச்சல் கண்ணாடி கழன்று போகும். சிறு போட்டியின் வசதிக்காக வந்த வழக்கம் இப்படித்தான் சடங்கானது.

இதைச் சமாளிக்க மூத்தவர்கள் சொல்லும் யோசனை எளியது. "ஓரமா நில்லு தம்பி. முன்னாடி போறவங்க போகட்டும். பதறினா மூச்சை இழுக்காதே, தண்ணிக்குள்ள ஊதி வெளியே விடு." நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு விலை உண்டு. முன்னே நீந்துபவரின் பாதத்தை ஒட்டிப் போனால் உழைப்பு கணிசமாகக் குறையும். ஓரம் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

2017ல் வெளியான ஆய்வொன்று 1985 முதல் 2016 வரையிலான அமெரிக்க டிரையத்லான்களை அலசியது. திடீர் மரணங்கள், இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள், விபத்து மரணங்கள் எல்லாம் சேர்த்து 135. அதில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் பலருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது. எனவே கூட்டம்தான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆயிரம் கைகள் தண்ணீரை அடிக்கும் இடத்தில், அசைவு நின்ற ஒருவரைப் படகில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

2013ல் அயர்ன்மேன் நிறுவனம் வட அமெரிக்கப் போட்டிகள் சிலவற்றில் வரிசைத் தொடக்கத்தைக் கொண்டுவந்தது. தரையில் விரித்த ரப்பர் விரிப்பைத் தாண்டும்போது கணுக்காலில் கட்டிய சிப் அவரவர் நேரத்தைத் தொடங்கிவைக்கும். கோனா மெதுவாகத்தான் இறங்கி வந்தது. 2014ல் ஆண்களையும் பெண்களையும் பிரித்தார்கள். 2019ல் வயதுவாரியாக அலை அலையாக அனுப்பினார்கள்.

"பீரங்கி போச்சு, போட்டியும் போச்சு" என்று பழைய ஆட்கள் புலம்புவதை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். அடிதடி போனதில் எனக்கு வருத்தமில்லை. போனது வேறொன்று. வரிசைத் தொடக்கப் போட்டி ஒன்றில், கடைசி கிலோமீட்டரில் ஒருவரை மூச்சிரைக்கத் தாண்டினேன். முடித்த பிறகு செல்பேசியில் பார்த்தால், அவர் எனக்கு நான்கு நிமிடம் பின்னால் தண்ணீரில் இறங்கியவர்.